பாரிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா இருக்கட்டும்: தமிழக எம்.பி.க்களுக்கு ஓர் ஏசி மெக்கானிக்கின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர் போயிருக்கிறீர்கள். இந்த மடல் உங்கள் 57 பேருக்கும். கட்சி எதுவானாலும் சரி.

மதுரையில் ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். காலநிலை ஒப்பந்தம் பற்றி எழுத இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். எங்கோ வெளிநாட்டில் நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம், நாங்கள் கையில் பிடிக்கும் கேஸ் சிலிண்டரையே மாற்றிவிட்டது. அதுவும் ஒருமுறை அல்ல. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்த 2015-இல் உலக நாடுகள் போட்டது பாரிஸ் ஒப்பந்தம். 2026 ஜனவரி 27 அன்று அமெரிக்கா இரண்டாவது முறையாக அதை விட்டு வெளியேறியது. அதற்கு முன்பு வெளியே நின்றவை ஈரான், லிபியா, ஏமன் ஆகிய மூன்றுதான். "உலகத்திலேயே அதிகமாகப் புகை விட்டவனே கழன்றுகொண்டான், நமக்கு மட்டும் என்ன தலையெழுத்து?" என்ற பேச்சு டீக்கடையிலும் கேட்கிறது, டிவி விவாதத்திலும் கேட்கிறது. அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தொழிற்புரட்சிக் காலம் முதல் காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்கா விட்டது. இன்று ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சுமார் 2 டன் விடுகிறார் என்றால், ஓர் அமெரிக்கர் 14 டன் விடுகிறார். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபத்தை எங்கே போய்க் காட்டுவது என்பதில்தான் எனக்கும் அப்படிப் பேசுகிறவர்களுக்கும் வேறுபாடு. வெளியே போனால் அதைக் கேட்க ஆள் கிடையாது.

இதே கேள்வி நம் நாட்டின் முன் ஏற்கெனவே ஒருமுறை வந்தது. அப்போது டெல்லி எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்த கதை.

ஒரு காலத்தில் ஃபிரிட்ஜ் என்றால் உள்ளே ஆர்-12. சிஎஃப்சி வகையைச் சேர்ந்த கேஸ். தீப்பிடிக்காது, நஞ்சு கிடையாது, விலையும் கட்டுப்படியாகும். கம்ப்ரசரில் வேலை என்றால் பழைய கேஸை அப்படியே காற்றில் திறந்துவிட்டு, புதிதாக நிரப்புவதுதான் எங்கள் தொழிலின் வழக்கமாக இருந்தது. அது மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் எழுதினார்கள். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை தெரிந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் தயாரானது.

இந்தியா கையெழுத்துப் போடவில்லை. சீனாவும் போடவில்லை. காரணம், இன்று டீக்கடையில் கேட்கும் அதே வாதம்தான். சிஎஃப்சியைச் செய்து விற்றுக் காசு பார்த்தவை பணக்கார நாடுகள். இந்தியாவில் ஃபிரிட்ஜ் இருந்த வீடுகளே குறைவு. மாற்று கேஸுக்கான காப்புரிமையும் அதே நாடுகளின் கம்பெனிகளிடம். ஆக, கெடுத்தவனிடமே காசு கொடுத்து மருந்து வாங்கச் சொன்னார்கள்.

நம்மவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. 1990 ஜூனில் லண்டனில் நடந்த கூட்டத்துக்குப் போனார்கள். அப்போது வி.பி.சிங் அரசில் சுற்றுச்சூழல் பொறுப்பு மேனகா காந்தியிடம் இருந்தது. பணமும் தொழில்நுட்பமும் தராமல் நாங்கள் வரமாட்டோம் என்று இந்தியாவும் சீனாவும் பிடித்த பிடியை விடவில்லை. இந்த இரண்டு நாடுகளும் வராவிட்டால் ஒப்பந்தம் வெறும் காகிதம் என்பது எதிரே இருந்தவர்களுக்கும் தெரியும். கடைசியில் பலதரப்பு நிதியம் என்ற ஒன்று பிறந்தது. முதல் மூன்று ஆண்டுக்கு 16 கோடி டாலர், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் அது 24 கோடியாகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வளரும் நாடுகளுக்குப் பத்து ஆண்டு கூடுதல் அவகாசமும் உண்டு. சீனா 1991-இல் சேர்ந்தது, நாம் 1992 ஜூனில் சேர்ந்தோம்.

அப்புறம் நடந்ததை நாங்களே பார்த்தோம். ஆலைகளுக்கு உற்பத்தி முறையை மாற்றப் பணம் வந்தது. மெக்கானிக்குகளுக்கு ஊர் ஊராகப் பயிற்சி நடந்தது. கேஸைக் காற்றில் விடாமல் பிடித்து வைப்பது எப்படி, புதிய கேஸுக்கு என்ன ஆயில், குழாயில் ஈரம் இல்லாமல் வேக்யூம் எடுப்பது எப்படி என்றெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். 2000-இல் ஓசோனைக் கெடுக்கும் பொருட்களுக்கான விதிகள் வந்தன. 2008 ஆகஸ்டில், கெடுவுக்கு முன்பே, இந்தியா சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்தியது. ஆஸ்துமா நோயாளிகளின் இன்ஹேலருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2009-க்குள் ஐ.நா.வின் எல்லா உறுப்பு நாடுகளும் மாண்ட்ரியலில் சேர்ந்துவிட்டன. ஓசோன் படலம் 2040 வாக்கில் உலகின் பெரும்பகுதியிலும், 2066 வாக்கில் அண்டார்டிகாவுக்கு மேலும் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்று கணித்திருக்கிறார்கள். இதில் இன்னொரு லாபம் பலருக்குத் தெரியாது. ஆர்-12 ஒரு கிலோ கசிந்தால், அது 10,000 கிலோவுக்கும் மேலான கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஓசோனுக்காகப் போட்ட ஒப்பந்தம், போகிற போக்கில் காலநிலைக்கும் பெரிய காரியம் செய்துவிட்டது.

மாண்ட்ரியலில் ஒரு பல் இருந்தது. உறுப்பினர் அல்லாத நாட்டுடன் அந்தப் பொருட்களில் வியாபாரம் செய்யக் கூடாது என்ற நான்காம் பிரிவுதான் அது. வெளியே நிற்பவனுக்கு நஷ்டம், உள்ளே வருபவனுக்குப் பணம். இரண்டும் சேர்ந்ததால்தான் எல்லோரும் வந்தார்கள்.

சரி, ஃபிரிட்ஜ் கேஸ் வேறு, நிலக்கரி வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்த ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பூமியைச் சூடாக்கும் வாயு அப்படியா? நெய்வேலி தொடங்கி ரயில், சிமெண்ட், உரம், நெல் வயல் வரைக்கும் அது வராத இடம் கிடையாது. அதனால்தான் காலநிலை ஒப்பந்தங்களின் வரலாறு மாண்ட்ரியல் போல அழகாக இல்லை. 1997 ஜூலையில், ஜப்பானின் கியோட்டோ நகரில் நடந்த காலநிலைக் கூட்டத்துக்கு முன்பே, அமெரிக்க செனட் 95-க்கு 0 என்ற கணக்கில் ஒரு தீர்மானம் போட்டது. வளரும் நாடுகளுக்கும் கட்டாயம் இல்லாத ஒப்பந்தம் எதற்கும் நாங்கள் வரமாட்டோம் என்பது அதன் சாரம். அந்த டிசம்பரில், பணக்கார நாடுகளுக்கு மட்டும் கட்டாயக் குறைப்பு வைத்த கியோட்டோ ஒப்பந்தம் வந்தது. அமெரிக்கா கையெழுத்துப் போட்டதோடு சரி, சட்டப்படி கட்டுப்படுவதாக ஏற்புறுதி செய்யவே இல்லை. கனடா 2011-இல் விலகுவதாக அறிவித்து வெளியேறியது.

உள்ளே இருந்தவர்களிடமும் குறை உண்டு. எங்கள் தொழில் சார்ந்த உதாரணமே சொல்கிறேன். ஏசியில் போடும் ஆர்-22 கேஸைத் தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்று ஒரு கழிவு வாயு வரும். அதை எரித்தால் ஒவ்வொரு டன்னுக்கும் 11,700 டன் கரியமில வாயுவைத் தடுத்ததாகக் கணக்கு வைத்து, கியோட்டோவின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் கார்பன் கிரெடிட் கொடுத்தார்கள், அதாவது பணக்கார நாடுகளிடம் விற்றுக் காசாக்கும் சான்று. எரிக்க ஆகும் செலவோ சொற்பம். கழிவுக்குக் கேஸை விட நல்ல விலை கிடைத்தால் வியாபாரி எதைச் செய்வான்? கழிவுக்காகவே கேஸ் தயாரிக்கிறார்கள் என்று இந்திய, சீன ஆலைகள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. 2013 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அந்த கிரெடிட்டுகளை ஏற்பதில்லை. 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தைத் திருத்தப் பேசிக்கொண்டிருந்தபோது, எச்எஃப்சி-23-ஐ ஆலைகள் சொந்தச் செலவில் எரிக்க வேண்டும் என்று இந்திய அரசு ஆணையிட்டது. ஓட்டை ஒப்பந்தத்தில் இருந்தது, அதை அடைத்தவர்களும் ஒப்பந்தத்துக்குள் இருந்தவர்கள்தான். அதே தூய்மை வளர்ச்சித் திட்டத்தில்தான் நம் ஊர் நூற்பாலைகள் வைத்த காற்றாலைகளும் பதிவாயின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாரிஸுக்கு வருவோம். கியோட்டோவில் பட்ட சூடு காரணமாக, 2015-இல் வேறு வழியைப் பிடித்தார்கள். என்ன செய்வாய் என்பதை ஒவ்வொரு நாடும் தானே சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். நடந்ததை எல்லோர் முன்பும் கணக்குக் காட்ட வேண்டும். செய்யாவிட்டால்? 15-ஆம் பிரிவின்படி ஒரு குழு இருக்கிறது, அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. இதைப் பலவீனம் என்று பழிப்பவர்கள் உண்டு, எனக்கும் அதில் பாதி உடன்பாடு. ஆனால் "இந்த ஒப்பந்தம் நம் கழுத்தில் கயிறு" என்று சொல்பவர்களும் அதே ஆட்கள்தான். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

நாம் சொன்னதுதான் என்ன? 2030-க்குள் நாட்டின் மின் நிறுவுதிறனில் (எல்லா மின் நிலையங்களும் சேர்ந்து தரக்கூடிய அளவில்) 40 சதவீதம் புதைபடிவ எரிபொருள் அல்லாததாக இருக்கும் என்றோம். 2022-இல் அதை 50 சதவீதமாக உயர்த்தினோம். 2025-இன் நடுவிலேயே அதைத் தொட்டுவிட்டோம். கெடுவுக்கு ஐந்து ஆண்டு முன்னால். (நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. வெயிலும் காற்றும் இருக்கும்போது மட்டும்தான் சூரிய மின் நிலையமும் காற்றாலையும் ஓடும். நாம் பயன்படுத்தும் மின்சாரத்தின் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. விழா மேடையில் இதை யாரும் சொல்வதில்லை.) நாமே வைத்த இலக்கை முன்கூட்டியே எட்டிய நாடு, வெளியேறி எந்தச் சுமையை இறக்கி வைக்கப் போகிறது?

இறக்கி வைக்கச் சுமை இல்லை, ஆனால் இழப்பதற்கு நிறைய இருக்கிறது. பணத்தை எடுத்துக்கொள்வோம். 2009-இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் சொன்னன. அந்தத் தொகையை எட்டியது 2022-இல்தான், அதுவும் அவர்கள் போட்ட கணக்கில். 2024 நவம்பரில் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த மாநாட்டில் புதிய தொகை பேசினார்கள். வளரும் நாடுகள் 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடிக்கு வழி காண்பதாகச் சொல்லி, இந்தியா பேசுவதற்கு முன்பே தலைவர் சுத்தியலைத் தட்டி முடித்துவிட்டார். அதன் பிறகுதான் நிதி அமைச்சக ஆலோசகர் சாந்தினி ரைனா பேசினார். இந்த ஆவணம் வெறும் கண்கட்டு வித்தை, இதை ஏற்கமாட்டோம் என்ற பொருளில் அவர் சொன்னதற்கு அரங்கில் கைதட்டல் எழுந்தது. எந்த உரிமையில் அவர் அதைச் சொன்னார்? வளர்ந்த நாடுகள் நிதி தர வேண்டும் என்ற பாரிஸின் 9-ஆம் பிரிவின் உரிமையில். வெளியேறிய நாட்டுக்கு அந்த மைக்கும் இல்லை, அந்தப் பிரிவும் இல்லை.

மைக்கால் ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். 2021-இல் கிளாஸ்கோவில் நிலக்கரியை மட்டும் பெயர் சொல்லி ஒதுக்கப் பார்த்தபோது, இந்தியா கடைசி நேரத்தில் வாசகத்தைத் தளர்த்தியது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் நம்மைத் திட்டின. என்னைக் கேட்டால் நாம் கேட்டதில் தப்பில்லை. எண்ணெயையும் எரிவாயுவையும் எரிப்பவர்கள் நிலக்கரியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது ஓரவஞ்சனை. அடுத்த ஆண்டு எகிப்தில், எல்லாப் புதைபடிவ எரிபொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று இந்தியா கேட்டது. மற்ற பல நாடுகளும் சேர்ந்து அழுத்த, 2023-இல் துபாயில் அப்படியே வாசகம் வந்தது.

இனி வெளியே போனால் விடுதலை என்ற நினைப்பு. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் ஓர் ஆலோசனைக் கருத்து சொன்னது. பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டு என்ற குட்டித் தீவு நாடு முன்னின்று கேட்டது அது. காலநிலையைக் காக்கும் கடமை ஒப்பந்தங்களில் மட்டும் இல்லை, நாடுகள் நடைமுறையில் ஏற்றுக்கொண்ட வழக்காற்றுச் சட்டத்திலும் இருக்கிறது, ஆகவே உறுப்பினர் அல்லாத நாடுகளுக்கும் அது உண்டு என்றார்கள் நீதிபதிகள். கடமை விடாது, உரிமை மட்டும் போய்விடும்.

வியாபாரத்திலும் அதே நிலைதான். 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதிப் பொருட்கள் மீது ஐரோப்பிய ஒன்றியம் போடும் கார்பன் எல்லை வரி முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் எல்லாம் அதில் அடக்கம், போல்ட், ஸ்க்ரூ வரைக்கும். நீங்கள் பாரிஸில் இருக்கிறீர்களா இல்லையா என்று பார்த்து அந்த வரி வராது, பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்கு வரும். இது பாரபட்சம் என்று இந்தியா வாதாடி வருகிறது. காலநிலை நடவடிக்கை என்ற பெயரில் மறைமுக வணிகத் தடை போடக் கூடாது என்று 1992-இன் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவே சொல்கிறது. அந்த உடன்படிக்கையின் கீழ் வந்த பாரிஸை உதறியவன் அந்தப் பிரிவை எந்த முகத்தோடு நீட்டுவான்?

சென்னை உறுப்பினர்களுக்கு 2015 டிசம்பர் மறந்திருக்காது. பாரிஸில் பேச்சு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் அடையாறு கரை புரண்டது. அந்த ஒரு மழைக்கும் புவி வெப்பமாதலுக்கும் நேரடி முடிச்சு இல்லை என்றுதான் பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். செம்பரம்பாக்கம் திறப்பும் ஆக்கிரமிப்புகளும் நம் சொந்தக் கணக்கு, அதை ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ எழுத முடியாது. ஆனால் கடல்மட்டமும், மன்னார் வளைகுடாவில் வெளுத்துப்போகும் பவளப்பாறையும் வேறு கணக்கு. நாம் தனியாக எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் அவை நிற்காது. மற்றவர்களையும் நடக்க வைத்தால்தான் உண்டு. அதற்கு இருக்கும் ஒரே கூடம் இதுதான்.

ஆகவே உள்ளே இருங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். இரண்டாவது உங்களைப் பற்றியது, கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

2016 அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்த நாளில், இந்தியா பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்புறுதி செய்தது. அதற்கு நான்கு நாள் முன்பு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நாடாளுமன்றம் வாக்களிக்கவில்லை. 2070-இல் நிகர சுழியம் (விடும் வாயுவும் உறிஞ்சப்படும் வாயுவும் சமமாவது) என்ற வாக்குறுதியைப் பிரதமர் கிளாஸ்கோ மேடையில் அறிவித்தார். 2022-இன் புதிய இலக்குகளும் அமைச்சரவையில் முடிவானவையே. சட்டப்படி இதில் தவறு இல்லை. ஒப்பந்தம் போடுவது நம் நாட்டில் அரசின் அதிகாரம், அதற்கு அவையின் ஒப்புதல் கட்டாயம் அல்ல. பிரிட்டனில் 2010-இல் ஒரு சட்டம் போட்டு, ஏற்புறுதிக்கு முன் ஒப்பந்தத்தை 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

ஆனால் உங்களுக்கு வேறொரு அதிகாரம் இருக்கிறது. சர்வதேச ஒப்பந்தங்களை நிறைவேற்ற நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 253-ஆம் பிரிவு. 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டைச் சுட்டித்தான் 1981-இன் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. எங்கள் கடைக்கு வந்து சேர்ந்த 2000-ஆம் ஆண்டு ஓசோன் விதிகளும் அந்த 1986 சட்டத்தின் கீழ் வந்தவைதான். அவையில் பேசப்பட்டு, சட்டமாகி, விதியாகி வந்ததால்தான் மாண்ட்ரியல் எங்கள் கை வரைக்கும் எட்டியது. பாரிஸ் அப்படி எட்டவில்லை. நெய்வேலியில் நிலக்கரி வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு 2070 என்றால் என்ன என்று அரசு இதுவரை எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

அடுத்த முறை புதிய இலக்கு ஐ.நா.வுக்குப் போகும் முன், அதை இரு அவைகளிலும் விவாதிக்க வேண்டும் என்று கேளுங்கள். சுற்றுச்சூழலுக்கான நிலைக்குழு மாநிலங்களுக்கு வந்து, மின்வாரியம், மீனவர், நெசவாலை, சுரங்கத் தொழிலாளர் என்று எல்லாத் தரப்பையும் கூப்பிட்டுப் பேசட்டும். தனிநபர் மசோதா கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள். அது தோற்கும் என்று எனக்கும் தெரியும். தோற்றாலும் அவைக்குறிப்பில் ஏறும்.

மூன்றாவது எங்கள் தொழிலுக்கானது, சின்ன வேண்டுகோள். கிகாலி திருத்தத்தை இந்தியா 2021 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. எச்எஃப்சி என்பது ஓசோனைக் கெடுக்காத, ஆனால் பூமியைச் சூடாக்கும் கேஸ் வகை. திருத்தத்தின்படி 2028-இல் அதன் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு விழும். 2032-இல் 10 சதவீதம் குறைய வேண்டும், 2047-க்குள் 85 சதவீதம். அதாவது மறுபடியும் சிலிண்டர் மாறுகிறது. இப்போது வரும் ஆர்-32 மெல்லத் தீப்பிடிக்கும், ஆர்-290 என்பது புரொப்பேனேதான், கேட்கவே வேண்டாம். மொட்டை மாடி விளிம்பில் பற்றவைப்புக் கருவியோடு நின்று இதை நிரப்பப் போகிறவன் என் கடைப் பையன். 2019-இல் வெளியிட்ட இந்தியக் குளிர்ச்சிச் செயல்திட்டத்தில், 2022-23-க்குள் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதாக அரசு எழுதியிருக்கிறது. அந்த ஒரு லட்சத்தில் தமிழ்நாட்டில் எத்தனை பேர், மாவட்டவாரியாக எத்தனை பேர், கிகாலிக்காக வரும் நிதியில் இதற்கு எவ்வளவு என்று உங்களில் யாராவது ஒருவர் நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கேளுங்கள். அமைச்சர் வாயால் பதில் வர வேண்டும், துணைக் கேள்விக்கும் இடம் வேண்டும், அதனால்தான் நட்சத்திரக் குறி.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு குளிர்சாதன மெக்கானிக்